மலை நிற்கும், பஸ் போகும்

"டூ யூ வேர் யுவர் ஹார்னெஸ்?" என்று கேட்டிருக்கிறார் கட்டுமான சைட்டைச் சுற்றிப் பார்க்க வந்த சேஃப்டி ஆபீசர். "எஸ் சார், ஐ ஆம் வேரிங்" என்று பதில் சொல்லியிருக்கிறார் தம்பி. அது சாப்பாட்டு நேரம். தம்பி தரையில் நிற்கிறார், உடம்பில் ஹார்னெஸ் (உயரத்தில் வேலை செய்யும்போது மாட்டும் பாதுகாப்புப் பட்டை) இல்லை. ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவன் முகத்துக்கு நேராகவே பொய் சொல்கிறான் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "எப்பவும் போடுவேன்னுதான்க்கா சொன்னேன். அதுல என்ன பொய் இருக்கு?" என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னிடம் கேட்டார் தம்பி. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஐடிஐ முடித்தவர். வேலையில் கெட்டிக்காரர் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள்.

சிங்கப்பூரில் ஞாயிறு மதியம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. துவாஸ், கிராஞ்சி விடுதிகளிலிருந்து, வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வுநாளில், துணி துவைத்து, ஊருக்கு போன் பேசி, இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக ஆங்கிலம் படித்தவர்கள்தான். 'கோ, வெண்ட், கான்' என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். வாய்பாடு தெரிந்தும் வாக்கியம் ஏன் தப்பாக விழுகிறது என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். அந்த ஹார்னெஸ் கதையைக் கேட்ட பிறகு உறுத்தல் அதிகமாகிவிட்டது. ஒரு நேர்மையான ஆளைப் பொய்யனாக்கும் அளவுக்கு ஒரு 'இங்' விகுதிக்குப் பலம் இருக்கிறது என்றால், அதை முறையாகச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது நியாயம் இல்லை.

போகிறேனும் போவேனும்

நம் ஊர்ப் பள்ளிகளில் 'ஹி கோஸ்' என்றால் 'அவன் போகிறான்', 'ஹி இஸ் கோயிங்' என்றால் 'அவன் போய்க்கொண்டிருக்கிறான்' என்று எழுதிப் போடுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பேசும்போது நாம் 'போகிறான்' என்பதை எதற்குப் பயன்படுத்துகிறோம்? "எங்கே போறே?" "கடைக்குப் போறேன்." இது இந்த நிமிஷத்து வேலை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஐ ஆம் கோயிங்' என்றுதான் வரும். சரி, வழக்கமாகச் செய்வதை எப்படிச் சொல்கிறோம்? "காலையில அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன், லாரி ஆறு மணிக்கு வரும், எட்டு மணிக்கு வேலைக்கு முந்தின டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும்." எந்திரிப்பேன், வரும், நடக்கும். இலக்கணப் புத்தகம் இவற்றையெல்லாம் எதிர்காலம் என்று வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ இவை அத்தனையும் சிம்பிள் பிரசெண்ட்: ஐ கெட் அப், தி லாரி கம்ஸ்.

இங்கேதான் நம்மவர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார்கள். நிகழ்காலம் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டவர் 'எவ்ரி டே ஐ ஆம் கெட்டிங் அப்' என்கிறார். 'எந்திரிப்பேன்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தவர் 'டெய்லி ஐ வில் கெட் அப்' என்கிறார். நடுவில் இருக்கிற 'ஐ கெட் அப்' என்ற சாதாரண வாக்கியத்துக்கு யாருமே வந்து சேருவதில்லை. தமிழில் நேர் வடிவம் இல்லாததால் அல்ல, இருக்கிற வடிவத்துக்கு வேறு பெயர்ப்பலகை மாட்டியிருப்பதால் வருகிற வினை இது.

இத்தனைக்கும் தொல்காப்பியத்தின் வினையியலில் இதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. மூன்று காலத்துக்கும் பொதுவாக இருக்கிற இயல்பை, நிகழ்காலத்தில், 'செய்யும்' என்னும் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்கிறது அது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம், மலை நிற்கும். நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அதை 'மலை நின்றுகொண்டிருக்கிறது' என்று யாராவது சொன்னால் எப்போது உட்காரப்போகிறது என்று கேட்கத் தோன்றும். ஆங்கில சிம்பிள் பிரசெண்டுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அதனால் என் வகுப்பில் இப்போது 'கோஸ்' என்பதற்கு நேரே 'போகும், போவான்' என்றுதான் எழுதுகிறேன். "இந்தப் பஸ் உட்லண்ட்ஸ் போகுமா?" என்று டிரைவரிடம் தமிழில் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும் 'டஸ் திஸ் பஸ் கோ டு உட்லண்ட்ஸ்?' என்ற வாக்கியம் தானாக வருகிறது. பஸ் அப்போது நின்றுகொண்டுதான் இருக்கும். ஆனாலும் அது உட்லண்ட்ஸ் போகும் பஸ்.

'செய்யும்' வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு லாபமும் உண்டு. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வாண்டிங்' என்றெல்லாம் சொல்லக் கூடாது, சில வினைகள் 'இங்' ஏற்காது என்று புத்தகங்கள் நீளமாகப் பட்டியல் போடும். நமக்குப் பட்டியலே தேவையில்லை. தெரியும், பிடிக்கும், வேண்டும். தமிழில் இவை வழக்கமாக 'உம்' போட்டே நிற்கும். 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எந்தத் தமிழன் வாயிலும் வராது. தமிழில் வராதது ஆங்கிலத்திலும் வராது என்றால் போதும். 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' போன்ற சில இதில் அடங்காது, ஏனென்றால் அங்கே நாம் 'இருக்கிறார்கள்' என்று சொல்லிப் பழகியவர்கள். அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

'ஹி', 'ஷி'க்குப் பின்னால் வரும் 'எஸ்' பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றுகிற மொழியில் பிறந்தவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஊரில் ஒழுங்காகச் சொன்னவர்கள் இங்கே வந்து அதை விட்டுவிடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது: சைட்டில் கூட வேலை செய்கிறவர்களின் சீனத்திலும் மலாயிலும் ஆளுக்கு ஏற்ப வினை மாறாது, அங்கே பேசுகிற சிங்லிஷ் என்ற சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்திலும் மாறாது. 'ஹி கோ ஆல்ரெடி' என்றால் வேலை நடந்துவிடும். சிங்லிஷுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை நான் கெட்ட ஆங்கிலம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை தொடங்க அனுமதி கேட்கும் பெர்மிட் பாரத்தில் எழுதும்போதும் கோர்ஸ் தேர்விலும் அந்த 'எஸ்' வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பைத் தமிழிலேயே எடுக்கிறார்கள். மேலே ஏற ஏறத்தான் ஆங்கிலம் வந்து நிற்கிறது.

தொங்குவது இப்போது, பெயர் மட்டும் 'பாஸ்ட்'

இங்கே கட்டுமானத் தளங்களின் வேலிகளில் அபாயப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கும் இருக்கும். பெரிய எழுத்தில் 'அபாயம்' என்பது மட்டும் தமிழில் இருக்கும். அபாயம் என்ன என்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 'ஃபாலிங் ஆப்ஜெக்ட்ஸ்', 'மூவிங் மெஷினரி', 'எக்ஸ்போஸ்டு வயர்', 'சஸ்பெண்டட் லோடு'. இந்தச் சொற்களைப் பார்த்தால் எல்லாமே பார்ட்டிசிபிள், அதாவது 'இங்' அல்லது 'எட்' போட்டு நிற்கும் வினை வடிவம். முதல் இரண்டு பிரசெண்ட் பார்ட்டிசிபிள், அடுத்த இரண்டும் பாஸ்ட் பார்ட்டிசிபிள். இதைச் சொன்ன உடனே அறந்தாங்கித் தம்பி கையைத் தூக்கினார். "கிரேன்ல சுமை இப்பத்தானேக்கா தொங்குது? இப்ப தொங்குறதுக்கு எதுக்கு பாஸ்ட்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். பிரசெண்ட், பாஸ்ட் என்ற அடைமொழிகளைப் பார்ட்டிசிபிளுக்கு வைத்ததைப் போல ஒரு தொந்தரவு ஆங்கில இலக்கணத்தில் வேறு இல்லை. இரண்டுமே தன்னளவில் காலம் காட்டாது. 'இட் வாஸ் ஃபாலிங்' என்றால் நேற்று, 'இட் வில் பி ஃபாலிங்' என்றால் நாளை. பிரசெண்ட் பார்ட்டிசிபிள் இரண்டிலும் அப்படியே நிற்கிறது. 'இட் வில் பி லிஃப்டட் டுமாரோ' என்பதில் பாஸ்ட் பார்ட்டிசிபிள் நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்கிறது. காலத்தைச் சொல்வது முன்னால் நிற்கும் 'வாஸ்', 'இஸ்', 'வில்' முதலான துணைவினைகள்தான்.

தமிழ்க் காதுக்கு இது ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய பெயரெச்சம் பொதுவாகக் காலத்தைக் காட்டும். தூக்கிய, தூக்குகிற, தூக்கும். ஆனால் பெயரெச்சம் ஒன்றை மட்டும் சொல்லாது: பின்னால் வரும் பெயர் அந்த வேலையைச் செய்ததா, அந்த வேலைக்கு ஆளானதா என்பதை. தூக்கிய கிரேன், தூக்கிய சுமை, தூக்கிய இடம், தூக்கிய நாள். எல்லாவற்றுக்கும் ஒரே 'தூக்கிய'. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறையும் பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூல் கணக்கே கொடுத்திருக்கிறது. கிரேன் தூக்குமா, சுமை தூக்குமா என்பது நமக்கே தெரியும் என்பதால் மொழி அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆங்கிலப் பார்ட்டிசிபிள் இதற்கு நேர் எதிர். காலத்தை விட்டுவிடும், செய்கிறதா ஆளாகிறதா என்பதைச் சொல்லிவிடும். 'லிஃப்டிங்' என்றால் தூக்குவது. 'லிஃப்டட்' என்றால் தூக்கப்படுவது. ஆக, நாம் காலத்தைத் தேடிக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அது வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது. இண்டர்வியூவில் 'ஐ ஆம் இண்ட்ரஸ்டிங் இன் வெல்டிங்' என்று சொல்லி, தன்னைத்தானே சுவாரசியமான ஆள் என்று அறிவித்துவிட்டு வருவது இதனால்தான்.

காலமே காட்டாத ஒரு பெயரெச்சம் நமக்கும் புதிதில்லை என்பதையும் சொன்னேன். வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்றுதான் நன்னூல் சொல்கிறது. ஊறுகாய் என்றால் ஊறின காயா, ஊறுகிற காயா, ஊறப்போகிற காயா? மூன்றும்தான். பத்தாம் வகுப்பில் எல்லாரும் பரீட்சைக்கு எழுதிய பதில் இது. 'லிஃப்டிங் கியர்' தூக்குகிற வேலையைத் தானே செய்யவில்லையே, 'டிரிங்கிங் வாட்டர்' எதையும் குடிக்கவில்லையே என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அந்த 'இங்' பார்ட்டிசிபிள் அல்ல, தொழிற்பெயர்: தூக்குவதற்கான சாமான், குடிப்பதற்கான தண்ணீர். நாமும் குடிநீர் என்றுதானே சொல்கிறோம், அந்த நீர் எதைக் குடிக்கிறது என்றேன். ஒப்புக்கொண்டார்.

விழுந்த மரம்

செய்வது 'இங்', செய்யப்படுவது 'எட்' என்று எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பேராவூரணிக்காரர், கிரேனில் சுமையைக் கட்டிவிடும் ரிக்கர் வேலை. வகுப்பில் வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான், எனக்கும்தான். போனைத் தூக்கிக் காட்டினார். முந்தைய நாள் விடியற்காலையில் அடித்த காற்று மழையில் சைட் வாசலில் மரம் சாய்ந்திருக்கிறது. குரூப்பில் வந்த செய்தி: 'ஃபாலன் ட்ரீ அட் கேட் டூ. யூஸ் கேட் ஒன்.' அண்ணன் கேட்டார்: "மரம் தானா விழுந்துச்சு டீச்சர். யாரும் தள்ளலை, வெட்டலை. விழுற வேலையைச் செஞ்சது மரம்தானே? உங்க கணக்குப்படி ஃபாலிங் ட்ரீன்னுல்ல போட்டிருக்கணும்? ஆனா ஃபாலிங் ட்ரீன்னு போட்டிருந்தா நான் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டேன்."

அவருக்கு இரண்டின் வித்தியாசமும் தெரிந்தே இருக்கிறது. ஒன்று விழுந்துகொண்டிருக்கிற ஆபத்து, இன்னொன்று விழுந்து கிடக்கிற தடை. தெரிந்ததைச் சூத்திரத்தோடு பொருத்திப் பார்த்தார், பொருந்தவில்லை, கேட்டுவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. உங்கள் சைட்டில் இப்படித் தானாகவே ஆகிப்போன பொருள்கள் என்னென்ன இருக்கின்றன, சொல்லுங்கள் என்றேன். ஒவ்வொன்றாக வந்தது. துருப்பிடித்த போல்ட், 'ரஸ்டட் போல்ட்'. சாயம் போன போர்டு, 'ஃபேடட் சைன்'. காலாவதியான பெர்மிட், 'எக்ஸ்பயர்டு பெர்மிட்'. சரிந்த சாரம், 'கொலாப்ஸ்டு ஸ்கேஃபோல்டு'. எதையும் யாரும் செய்யவில்லை, எல்லாமே 'எட்' போட்டு நிற்கின்றன. சரி, இப்போது தூங்கிய ஆளைச் சொல்லுங்கள், ஓடிய பையனைச் சொல்லுங்கள் என்றேன். 'ஸ்லெப்ட் மேன்' என்று ஒருவர் ஆரம்பித்து, வாயிலேயே அது சரியில்லை என்று நிறுத்திக்கொண்டார். 'வொர்க்ட் மேன்' கிடையாது, 'வாக்ட் மேன்' கிடையாது. ஏன் மரத்துக்குக் கிடைத்தது ஆளுக்குக் கிடைக்கவில்லை?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அண்ணனே சொன்னார்: "தூங்கி எந்திரிச்சவன் அதே ஆளுதான். மரம் அப்படி இல்லை, விழுந்தா விழுந்ததுதான். போல்ட்டும் துரு ஏறுனா பழைய போல்ட் இல்லை. அதுக்கு என்னமோ ஆகிப்போச்சு." அதேதான் விஷயம். 'எட்' வடிவம் ('ஃபாலன்', 'ப்ரோக்கன்' போன்றவையும் இதே வகைதான்) சொல்வது, அந்தப் பொருளுக்கு ஏதோ ஆகிவிட்டது, அதன் நிலை மாறிவிட்டது என்பதை. மாற்றியது இன்னொருவராக இருந்தால் தூக்கப்பட்ட சுமை. தானாக மாறியிருந்தால் விழுந்த மரம். ஆங்கிலத்துக்கு இந்த இரண்டும் ஒரே கட்சி. தமிழ் இந்த இடத்தில் கறாராகப் பிரிக்கும்: உடைந்த பலகை வேறு, உடைத்த பலகை வேறு. 'ப்ரோக்கன் பிளாங்க்' இரண்டுக்கும் பொது. யார் உடைத்தது என்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. "அப்ப செய்யுறது ஒண்ணு, படுறது ஒண்ணு" என்று அண்ணன் முடித்துவைத்தார். படுவது என்பதைவிட நல்ல சொல் எனக்கும் கிடைக்கவில்லை. தூக்கப்படுவதிலும் அந்தப் 'படு' இருக்கிறது, துன்பப்படுவதிலும் இருக்கிறது, யாரும் எதுவும் செய்யாமலே காய்ந்துபோன பட்ட மரத்திலும் இருக்கிறது. போர்டில் இருந்த 'செய்யப்படுவது' என்பதை அழித்துவிட்டு 'படுவது, பட்டது' என்று எழுதினேன். என் வகுப்புகளில் அன்றைய மதியத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நடந்தது யார்

பார்ட்டிசிபிளை வாக்கியத்தின் தலையில் வைக்கும்போது வேறொரு சிக்கல். விபத்து நடக்காமல் தப்பினாலும் அறிக்கை எழுத வேண்டும், 'நியர் மிஸ்' என்பார்கள். ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார்: 'வாக்கிங் ஆன் தி ஸ்கேஃபோல்டு, தி பிளாங்க் ப்ரோக்.' நடந்தது யார்? இலக்கணப்படி பலகை. இந்தப் பிழைக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயரும் பக்கம் பக்கமாக எச்சரிக்கையும் உண்டு. தமிழர்களுக்கு அவ்வளவு வேண்டாம். 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடியும் என்பது நமக்கு ஊறிப்போன விதி. 'சாரத்தில் நடந்து பலகை உடைந்தது' என்று படித்துப் பார்க்கச் சொன்னேன். படித்தவருக்கே இடித்தது. 'நடந்தபோது பலகை உடைந்தது' என்றால்தான் தமிழில் சரி. அதே மாதிரி ஆங்கிலத்திலும் 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று ஆளைக் கொண்டுவர வேண்டும். 'மழை பெய்து நெல் விளைந்தது' போல, காரணமும் விளைவுமாக வரும்போது தமிழ் எழுவாய் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. அறிக்கையில் இது முக்கியம். யார் நடந்தார், எது உடைந்தது என்பதை வைத்துத்தான் பிறகு யார் மேல் தவறு என்று பேசுவார்கள்.

இப்போது நாங்கள் நிற்பது இதையெல்லாம் சேர்த்துக் கட்டும் இடத்தில். சுமை தூக்குவதற்கு முன்னால், அதைக் கட்டித் தூக்கும் ஸ்லிங்கைப் பார்த்தாகிவிட்டதா என்று ரேடியோவில் கேட்பார்கள். பலர் சொல்லும் பதில் 'ஸ்லிங் இஸ் செக்கிங்'. ஸ்லிங் எதையோ சோதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மூன்று சரியான வாக்கியங்களைப் போர்டில் எழுதினேன். 'ஸ்லிங் இஸ் செக்ட் எவ்ரி மார்னிங்': தினமும் காலையில் பார்ப்போம், இது மலை நிற்கும் கணக்கு. 'ஸ்லிங் இஸ் பீயிங் செக்ட்': பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை. 'ஸ்லிங் ஹேஸ் பீன் செக்ட்': பார்த்து முடித்தாகிவிட்டது, அதன் பலன் இப்போது கையில் இருக்கிறது. மூன்றும் நிகழ்கால வகைதான், மூன்றிலும் 'செக்ட்' மாறவே இல்லை. சுமையைத் தூக்கலாம் என்று சொல்வது கடைசி வாக்கியம் மட்டும்தான். இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். பேராவூரணி அண்ணன் யோசிக்கவே இல்லை. "செக் பண்ணியாச்சு" என்றார். பண்ணுகிற ஆளைச் சொல்லவில்லை, வேலை முடிந்தது, முடிந்த நிலை இப்போது நிற்கிறது: எல்லாம் அந்த 'ஆச்சு'வில் இருக்கிறது. 'ஹேஸ் பீன்' எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'ஆச்சு' போட்டுப் பார்க்கச் சொல்லி, பெர்மிட் பாரம் ஒன்றை ஆளுக்கொரு நகல் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.